'ஆசிட் டிராக்ஸ்' இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபியூச்சர் என்ற சிகாகோ குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு. ஹவுஸ் இசையில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற தனிக் கிளையே இதிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். யாருக்குப் போட்டுக் காட்டினாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும், பெரும்பாலும் முந்தைய ஆள் கேட்ட அதே கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

ஹவுஸ் மியூசிக்னா என்ன? டிஸ்கோவும் அதுவும் ஒண்ணுதானே?

டிஸ்கோவின் வாரிசு என்று சொல்லலாம், ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவ ஆரம்பித்த காலம் அது. ஆனால் அதே ஊரில், 1977இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே டிஸ்கோவை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். புதுத் தட்டுகள் குறைந்துபோக, இருப்பதையே வெட்டி ஒட்டி நீட்டினார்கள், டிரம் மெஷினைச் சேர்த்து வாசித்தார்கள். அடுத்த கட்டமாகச் சொந்தமாகவே செய்ய ஆரம்பித்தார்கள்.

டிஸ்கோவுக்கு வயலின் வரிசையும் பிராஸ் வாத்தியங்களும் ஸ்டூடியோச் செலவும் வேண்டும். ஹவுஸுக்கு ஒரு அறை, இரண்டு மூன்று இயந்திரங்கள் போதும். தாளம் நாலு அடி, நாலிலும் கிக் டிரம் (கனத்த அடியைத் தரும் பெரிய டிரம்) விழும், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 1984இல் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' தான் முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, இதைப் பண்ணது யாரு?

மூன்று இளைஞர்கள்: டிஜே பியர், 'ஸ்பாங்கி' என்று அழைக்கப்பட்ட ஏர்ல் ஸ்மித், ஹெர்ப் ஜே. மூவரும் சிகாகோ வட்டாரத்துக் கறுப்பின இளைஞர்கள். ஸ்டூடியோவில் உடனிருந்து தயாரித்துக் கொடுத்தவர் மார்ஷல் ஜெஃபர்சன். அவரைப் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

பாட்டுன்னு சொல்றீங்க, யாருமே பாடலையே?

பாடவில்லைதான். மெலடியும் இல்லை, சரணமும் இல்லை. கிக், கைதட்டல் ஒலி, ஹை-ஹாட் என்ற ஜால்ரா ஒலி, இவற்றின் மேல் கீழ்ஸ்தாயியில் ஓடும் ஒரே ஒரு பேஸ் வரி. டிஜேக்கள் இந்த மாதிரி ஆக்கத்தை 'டிராக்' என்றே சொல்வார்கள். நம் பேச்சுவழக்கில் எல்லாமே பாட்டுதான் என்பதால் நானும் சில இடங்களில் அப்படிச் சொல்லிவிடுகிறேன்.

நடுவுல "க்வீ... க்வாவ்..."ன்னு ஏதோ ஒண்ணு நெளியுதே, அது என்ன வாத்தியம்?

அதுதான் ரோலண்ட் டிபி-303. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்துக்காக டடாவோ கிகுமோடோ வடிவமைத்த, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பெட்டி. 1981 கடைசியில் சந்தைக்கு வந்தது. தனியாக கிட்டார் பயிற்சி செய்பவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதுதான் நோக்கம். பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி போலத்தான்: அதற்கென்று கச்சேரி கிடையாது, சாதகத்துக்குத் துணை.

துணையாகவும் அது தேறவில்லை. நிஜ பேஸ் கிட்டார் போல ஒலிக்காது. ஸ்வரங்களை ஒரு முறையும் அவற்றின் கால அளவை இன்னொரு முறையுமாகத் தனித்தனியே உள்ளிட வேண்டும், அதற்குள் பொறுமை போய்விடும். 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், மொத்தமே சுமார் 10,000 பெட்டிகள்தான் செய்யப்பட்டன. தேங்கியவை பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. பெரிய சிந்தசைசர் வாங்க வசதியில்லாத சிகாகோ பையன்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

பேஸ் வாசிக்கிற பெட்டியில இப்படி ஒரு சத்தம் எப்படி வரும்? ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. பெட்டியின் மேல் வரிசையாகச் சில குமிழ்கள் இருக்கும். அவற்றில் 'கட்ஆஃப்' என்பது ஒலியின் உயர் அதிர்வெண்களில் எவ்வளவைக் கடக்க விடலாம் என்று தீர்மானிப்பது. அதை மூடினால் ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகும். திறந்தால் பளீரென்று வரும். 'ரெசனன்ஸ்' என்ற குமிழ், அந்த வெட்டும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் ஒலி வாய் திறந்து மூடி முனகுவதுபோல் இருக்கும்.

பேஸ் கிட்டார் போல ஒலிக்க வேண்டுமானால் இந்தக் குமிழ்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்பாங்கி தாளத்தை ஓடவிட, பியர் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார். நிறுத்தாதே, அப்படியே திருகு என்று ஸ்பாங்கி சொன்னதாகப் பியர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மெட்டை எழுதி, அதற்குப் பொருத்தமான ஒலியைத் தேடிப்போன கதை இல்லை இது. ஒலி முதலில் கிடைத்தது, அதுவே போதும் என்று முடிவு செய்தார்கள்.

கேட்டேன் சார். பதினோரு நிமிஷமும் ஒரே மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தான் போரடிக்குதா?

இல்லை, முதன்முதலில் கேட்ட கூட்டத்துக்கும் அப்படித்தான் இருந்தது (அந்தக் கதை கீழே வருகிறது). நாம் பாட்டுக் கேட்கும் பழக்கம் பல்லவி எப்போது திரும்பும், அடுத்த சரணம் எப்படி இருக்கும் என்று காத்திருப்பது. இங்கே அந்தக் காத்திருப்புக்கு வேலையே இல்லை. ஸ்வர வரிசை கடைசிவரை மாறாது. ஒலியின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

இன்னொரு முறை கேட்பதாக இருந்தால் இரண்டு யோசனை. முதலாவது, போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் கிக் டிரம் காணாமல் போய், மேலே உள்ள கீச்சு மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது, பேஸ் வரியில் மட்டும் கவனத்தை வைத்து, அது எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று பின்தொடருங்கள். முந்தைய பதிலில் சொன்ன இரண்டு குமிழ்களும் திரும்புவது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் போரடித்தால் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து கேட்கச் செய்த இசை இல்லை இது, விடிய விடிய ஆடுகிறவர்களுக்காகச் செய்தது.

அந்த வழுக்கல் நம்ம கமகம் மாதிரிதானே?

கர்நாடக இசை தெரிந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. டிபி-303இல் 'ஸ்லைட்' என்ற வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அறுபடாமல் இழுத்துக்கொண்டு போகும். மேலோட்டமாக ஜாரு (வழுக்கிப் போகும் கமக வகை) போலத் தோன்றும். ஆனால் அதன் வேகம் இயந்திரம் வைத்தது, எல்லா இடத்திலும் ஒன்றுதான். எந்த ராகத்தில் எந்த ஸ்வரம் எவ்வளவு அசையலாம் என்ற இலக்கணமெல்லாம் அதற்குத் தெரியாது.

நான் இப்படிப் பார்க்கிறேன்: கமகத்தில் ஸ்வரம் அசைகிறது, பாடுபவரின் குரலின் நிறம் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. 'ஆசிட் டிராக்ஸ்' இதற்கு நேர் தலைகீழ். ஸ்வரம் கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறது, நிறம் அசைகிறது. ஒப்பிட வேண்டுமானால் இந்த இடத்திலிருந்து ஒப்பிடலாம், சுவாரஸ்யமாக இருக்கும்.

முதல் தடவை போட்டப்ப எல்லாரும் ஃப்ளோரை விட்டே போய்ட்டாங்களாமே?

ஆமாம், இந்த இசைத்தட்டின் வரலாற்றில் மிக முக்கியமான இரவு அது. சிகாகோவில் மியூசிக் பாக்ஸ் என்று ஒரு கிளப். அங்கே ரான் ஹார்டி என்ற டிஜே. ஃபிராங்கி நக்கிள்ஸ் பதமாக, வழவழப்பாகக் கொண்டுபோகிறவர் என்றால் ஹார்டி முரட்டு ஆள். தட்டுகளை வேகம் கூட்டிப் போடுவார், டேப்பைப் பின்னோக்கி ஓட்டுவார், ஒலியைக் காது வலிக்கும் அளவுக்கு ஏற்றுவார். ஊர்ப் பையன்கள் வீட்டில் செய்த டேப்பைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக் கேட்கவும் செய்வார். அந்தக் காலத்து ஹவுஸ் ஆட்களுக்கு வானொலியை விட, கடையை விட, ஹார்டியின் தலையசைப்புதான் பெரிய அங்கீகாரம்.

பியரும் ஸ்பாங்கியும் தங்கள் டேப்பை அவரிடம் கொடுத்தார்கள். முதல் முறை போட்டதும் ஆடுதளம் காலியானது. ஹார்டி அலட்டிக்கொள்ளவில்லை. வேறு பாட்டுகள் போட்டுக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி போட்டார். பிறகு இன்னொரு முறை. நான்காவது முறை போட்டபோது, கொஞ்ச நேரம் முன்பு வெளியே போன அதே கூட்டம் வெறிபிடித்த மாதிரி ஆடியது. ஒருவர் மல்லாக்கப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தார் என்று பியர் சொல்வதுண்டு.

கூட்டம் ரசித்ததா ரசிக்கவில்லையா என்று ஒரே முறையில் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு புது ஒலியை முதலில் காது பழக வேண்டும், பிறகு உடம்பு பழக வேண்டும். அந்த இரண்டுக்கும் ஹார்டி நேரம் கொடுத்தார். இன்று பத்து விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற நமக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

ஒரே ராத்திரியில நாலு தடவையா? நம்புற மாதிரி இல்லையே.

எண்ணிக்கைக்கு முதல் சாட்சி பியரின் வாய்மொழிதான், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை என்பதால் ஓரங்கள் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் ஹார்டியின் சுபாவத்துக்கு இது புதிதல்ல. மார்ஷல் ஜெஃபர்சன் தன்னுடைய 'மூவ் யுவர் பாடி' டேப்பைக் கொடுத்தபோது, ஹார்டி அதை அடுத்தடுத்து ஆறு முறை போட்டதாகச் சொல்கிறார். அதோடு, தட்டாக வெளிவருவதற்கு முன்பே இந்த டிராக் ஊருக்குள் பிரதியெடுத்த கேசட்டுகளில் சுற்றியது, அதுவும் 'ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்' என்ற பெயரில். செய்தவர்கள் பெயர் தெரியாமல், போட்டவர் பெயரால் அறியப்படும் அளவுக்கு அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார் என்பது உறுதி.

ஆசிட்னா எல்எஸ்டிதானே? போதைப்பாட்டா இது?

எல்எஸ்டி என்ற போதைப்பொருளுக்கு 'ஆசிட்' என்று ஒரு பேச்சுவழக்குப் பெயர் உண்டு என்பது சரி. ஆனால் குழு முதலில் வைத்த பெயர் 'இன் யுவர் மைண்ட்'. 'ஆசிட்' என்பது மியூசிக் பாக்ஸ் கூட்டம் ஒட்டிய பெயர். அந்தக் கிளப்பில் போதைப்பொருள் புழக்கம் இருந்தது, தண்ணீரில் எல்எஸ்டி கலக்கிறார்கள் என்றுகூட வதந்தி உண்டு. ஆகவே பெயருக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிக்க முடியாது. போதையை மனதில் வைத்து நாங்கள் அதைச் செய்யவில்லை என்பது பியரின் நிலைப்பாடு. கூட்டம் ஏற்கெனவே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்துவிட்டதால் தட்டிலும் அதையே அச்சிட்டார்கள்.

என் பையன் இதைத்தான் நாள் முழுக்கக் கேட்கிறான். கவலைப்படணுமா?

இந்தத் தட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம். மறுபக்கத்தில் 'யுவர் ஒன்லி ஃபிரெண்ட்' என்று ஒரு டிராக் இருக்கிறது. கொக்கெய்ன் தானே பேசுவதுபோல அமைந்தது, அது ஒரு மனிதனை எப்படித் தின்று முடிக்கும் என்று வரிசையாகச் சொல்லும். பயமுறுத்துவதற்காகவே செய்த எச்சரிக்கை. மகனிடம் மறுபக்கத்தையும் கேட்கச் சொல்லுங்கள்.

தட்டுல மார்ஷல் ஜெஃபர்சன் பேர் இருக்கே. அப்ப இது அவரோடதா?

இல்லை. ஜெஃபர்சன் சிகாகோ தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர். 1986இல் 'மூவ் யுவர் பாடி' மூலம் ஹவுஸ் உலகில் பெரிய பெயர் எடுத்தவர். பியரும் ஸ்பாங்கியும் ஸ்டூடியோ அனுபவமில்லாத பையன்கள் என்பதால் அவரிடம் போனார்கள். அவர் செய்த முக்கிய மாற்றம் வேகத்தைக் குறைத்து 120க்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் ஓடினால் நியூயார்க் டிஜேக்கள் தொட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. என் காதுக்கு அது நல்ல முடிவு. அந்த நெளிவு முழுதாக விரிய அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

சிலர் இதைவிடக் கூர்மையாகக் கேட்பார்கள்: ஸ்லீஸி டி பெயரில் 1986இல் வந்த 'ஐ'வ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற தட்டிலேயே ஜெஃபர்சன் டிபி-303ஐப் பயன்படுத்தியிருக்கிறாரே என்று. உண்மைதான். அதிலும் அலறலும் சிரிப்புமாக ஒரு கிறுக்குத்தனம் உண்டு. ஆனால் அங்கே 303 கூட்டத்தில் ஒரு ஆள்தான். 'ஆசிட் டிராக்ஸ்' மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அதை மட்டும் மேடையில் நிறுத்தியது.

ஆசிட் ஹவுஸ் இங்கிலாந்துல பிறந்ததுன்னு ஒரு டாக்குமெண்டரியில பாத்தேனே?

பிறந்தது சிகாகோ, ஊரைக் கூட்டியது இங்கிலாந்து. சிகாகோ தட்டுகள் அங்கே முன்பே போய்விட்டன: ஃபார்லி 'ஜாக்மாஸ்டர்' ஃபங்கின் 'லவ் கான்ட் டர்ன் அரவுண்ட்' 1986இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடம், ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' 1987 ஜனவரியில் முதலிடம். 1987 கோடையில் டேனி ராம்ப்ளிங், பால் ஓக்கன்ஃபோல்ட் உள்ளிட்ட லண்டன் டிஜேக்கள் சிலர் ஸ்பெயினின் இபிஸா தீவுக்குப் போய், ஆம்னீசியா கிளப்பில் டிஜே ஆல்ஃப்ரெடோ எல்லா வகை இசையையும் கலந்து விடியவிடியப் போடுவதைக் கேட்டுத் திரும்பினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் ராம்ப்ளிங் தெற்கு லண்டனில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் 'ஷூம்' என்ற கிளப்பைத் தொடங்கினார். மஞ்சள் சிரிப்பு முகச் சின்னம் இந்த இசையோடு ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். மான்செஸ்டரில் ஹசியெண்டா கிளப் இன்னொரு மையம்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். சிகாகோவில் இதைத் தூக்கிவிட்டது கறுப்பின மக்கள், குறிப்பாக அவர்களில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் கூடிய கிளப்புகள். வேறெங்கும் நிம்மதியாக ஆட இடமில்லாதவர்கள் அங்கே ஆடினார்கள். பிரிட்டனுக்குப் போனதும் கதை வெள்ளை இளைஞர்களின் கோடைக் கொண்டாட்டமாக மாறி, ஆவணப்படங்களும் அங்கிருந்தே ஆரம்பிக்கின்றன. ரான் ஹார்டி 1992இல் இறந்தபோது அந்தக் கொண்டாட்டத்தின் பலன் எதுவும் அவரை எட்டியிருக்கவில்லை.

ஒரு டான்ஸ் மியூசிக்குக்கு பிரிட்டன்ல சட்டமே போட்டாங்களாமே?

1988இல் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையின் புழக்கமும் இந்த இசையும் ஒரே நேரத்தில் பரவின. 'தி சன்' நாளிதழ் அந்த அக்டோபரில் சிரிப்பு முக டி-ஷர்ட்டைத் தன் வாசகர்களுக்கு விற்றுவிட்டு, சில நாட்களிலேயே ஆசிட் ஹவுஸ் நாட்டைக் கெடுக்கிறது என்று எழுத ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே அலுவலகம்தான் செய்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

அப்போது அங்கே கிளப்புகள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் கூட்டம் காலிக் கிடங்குகளுக்கும் வயல்வெளிகளுக்கும் நகர்ந்தது. 1990இல் உரிமம் இல்லாத கேளிக்கைகளுக்கான அபராதத்தை 20,000 பவுண்டு வரை உயர்த்தினார்கள். 1994இல் வந்த குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாள அடிகளைக் கொண்ட இசை என்று சட்டப் பிரிவிலேயே வரையறுத்தது. இரவில் திறந்த வெளியில் அப்படிப்பட்ட இசையோடு கூடும் கூட்டத்தைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கிடைத்தது.

இது சார்ட்ல எத்தனாவது இடம் பிடிச்சுது?

விற்பனைப் பட்டியலால் அளக்க வேண்டிய தட்டு இல்லை இது. பட்டியலில் ஏறியது இதன் சாயலில் வந்தவை. டி மாப் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'வீ கால் இட் ஆசீட்' 1988இல் அங்கே 3ஆம் இடம் வரை போனது. அதையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், எது மூலம், எது வேடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதெல்லாம் இருக்கட்டும், நம்ம சரண்ஜித் சிங் 1982லயே இதைப் பண்ணிட்டாரே?

மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து 1982இல் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். டிஸ்கோ தாளத்துக்குப் பத்து ராகங்கள். எச்எம்வி வெளியிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. எடோ பவுமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதைத் தேடியெடுத்து 2010இல் மறுபடி வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும், அவ்வளவு நெருக்கமான ஒலி. சிங் வயதான காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார், 2015இல் காலமானார்.

ஆனால் 'இதையே' செய்தார் என்று சொன்னால் இருவருக்கும் அநியாயம். சிங்கிடம் ராகம்தான் எஜமான். பூபாளி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்), கலாவதி (வலஜி) என்று ஸ்வரங்கள் ஓடித்திரிகின்றன, 303 அடியில் துணைக்கு நிற்கிறது. சிகாகோவில் ஸ்வரம் அடங்கி, குமிழ் எஜமான் ஆனது. கமகம் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும். பியர் குழு சிங்கைக் கேட்டுத்தான் செய்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விற்காத ஒரு பம்பாய்த் தட்டு அந்தக் காலத்தில் சிகாகோ வீட்டு அறைக்குப் போயிருக்க வழியும் தெரியவில்லை. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு பழக்கம். இதில் பெருமைப்பட நமக்கு நிறைய இருக்கிறது, வழக்குப் போட ஒன்றுமில்லை.

அப்ப 'முதல்'ங்கிற பட்டத்தை யாருக்குத்தான் கொடுக்கிறது?

எதில் முதல் என்று கேட்க வேண்டும். டிபி-303ஐ இசைத்தட்டில் பயன்படுத்தியதில் என்றால் சிங் மட்டுமல்ல, வேறு சிலரும் வரிசையில் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் குழுவின் 'ரிப் இட் அப்' 1983இல் பிரிட்டனில் 8ஆம் இடத்துக்கு வந்த பாப் பாட்டு, அதிலும் 303 இருக்கிறது. சிகாகோவில் என்றால் ஸ்லீஸி டி முன்னால் நிற்கிறார். அந்தப் பெட்டியின் நெளிவையே முழு ஆக்கமாக்கி, மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தது எங்கிருந்து என்றால் 'ஆசிட் டிராக்ஸ்'. இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முன்னால் செய்தவர்கள் பலர் இருக்கலாம், பின்னால் ஆள் வந்தது இதற்குத்தான்.

ஒரிஜினல் தட்டு வாங்கலாமா? விக்கிறவர் "கரகரப்பு நார்மல்"ங்கிறார்.

உண்மையைத்தான் சொல்கிறார். டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் லாரி ஷெர்மன் சொந்தமாகவே தட்டு அச்சடிக்கும் ஆலை வைத்திருந்தார், பழைய தட்டுகளை உருக்கிப் புதிதாக அச்சிடுவது அங்கே வழக்கம். அதனால் பிரிக்காத தட்டிலேயே கரகரப்பு இருக்கும். கேட்பதற்காக என்றால் பின்னாளைய மறுவெளியீடோ டிஜிட்டலோ போதும். சேகரிப்பதற்காக என்றால் கரகரப்பும் சேர்ந்ததுதான் விலை.

இவ்வளவு பேர் எடுத்த தட்டு, பண்ணவங்களுக்குக் காசு வந்துச்சா?

டிராக்ஸ் நிறுவனத்தோடு சிகாகோ கலைஞர்களுக்கு இருந்த பணத் தகராறு ஊரறிந்தது. ராயல்டி ஒழுங்காக வரவில்லை என்பது பலரின் பொதுப் புகார். அவர்களில் லாரி ஹெர்ட், ராபர்ட் ஓவன்ஸ் என்ற இரு ஹவுஸ் கலைஞர்கள் 2020இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2022இல் சமரசமாகி, தங்கள் பாடல்களின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு மார்ஷல் ஜெஃபர்சன் உள்ளிட்ட இன்னும் பலர் வழக்குப் போட்டார்கள். ஷெர்மன் 2020இலேயே இறந்துவிட்டார்.

குழுவைப் பொறுத்தவரை, பியர் சில ஆண்டுகளில் விலகி 'வைல்ட் பிட்ச்' என்ற வேறொரு ஹவுஸ் பாணியை உருவாக்கினார், அதுவும் தனிக் கதை. ஸ்பாங்கி ஃபியூச்சர் பெயரைத் தொடர்ந்து நடத்தினார். பின்னாளில் இருவரும் மறுபடி சேர்ந்து மேடையேறினார்கள். ஸ்பாங்கி 2016இல் காலமானார்.

அந்தப் பெட்டி இப்பக் கிடைக்குமா? எனக்கும் திருகிப் பாக்கணும்.

பழைய டிபி-303க்கு ஆசைப்படாதீர்கள், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டிக்கு இன்று சொல்கிற விலையில் ஒரு சின்ன ஸ்டூடியோவே போட்டுவிடலாம். ரோலண்ட் 2016இல் டிபி-03 என்று சிறிய டிஜிட்டல் வடிவம் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களின் மலிவுப் பிரதிகளும் உண்டு, கணினியிலும் போனிலும் மென்பொருளாக எத்தனையோ. எதை எடுத்தாலும் நான்கைந்து ஸ்வரம் போட்டு ஓடவிட்டுக் கட்ஆஃபையும் ரெசனன்ஸையும் மட்டும் திருகிப் பாருங்கள்.

கடைசியா ஒண்ணு: ரான் ஹார்டி அன்னிக்கு ஒரு தடவையோட நிறுத்தியிருந்தா?

ஹார்டி பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஆசிட் அங்கேயே முடிந்திருக்கும் என்பது பியரின் கருத்து. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தப் பெட்டி அப்போது சிகாகோவில் பலர் கையில் இருந்தது, குமிழ்களும் எல்லோருக்கும் பொதுதான். யாராவது ஒருவர் எப்போதாவது கையை எடுக்காமல் திருகியிருப்பார்.

ஆனால் அந்த யாரோ ஒருவர் அதைச் சுருக்கி, மேலே ஒரு பாட்டுக்காரரை ஏற்றி, ஜனங்கள் மிரளாத அளவுக்குப் பதமாக்கிக் கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். பதினோரு நிமிடம், குரலில்லாமல், மெட்டில்லாமல் ஒன்று தட்டாக வெளிவந்ததற்குக் காரணம், இதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்த சாட்சிகள் மியூசிக் பாக்ஸில் இருந்ததுதான். ஷெர்மன் போன்ற ஒரு வியாபாரி வேறு எதை நம்பி அதை அச்சடித்திருப்பார்?